துண்டுச் சீட்டிலிருந்து நாற்காலி வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வந்த ஒருவருக்கு, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து குடியை விட நினைப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆதரவுக் குழுவின் கூட்டத்தில் போய் உட்காரும் நாள்வரை 10 வாரம் பிடித்தது. நடுவில் கூட்டத்தைத் தேடி மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் கைகூடவில்லை. பிறகு மறுபடி குடித்தார். அந்த 10 வாரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். குடியை நிறுத்துவதைப் பற்றி எங்கள் துறையில் எவ்வளவோ பேசுகிறோம். கூட்டம் நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்து உள்ளே போவதை ஒரு வேலையாகவே நாங்கள் எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 44. கணக்கு எழுதும் வேலை. 20 ஆண்டுக் குடி, அதில் கடைசி ஆறு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் தொடங்குகிற குடி. மனைவி பிரிந்து போன பிறகு அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்தார். தானாகவே இரண்டு முறை நிறுத்திப் பார்த்திருக்கிறார். முதல் முறை ஐந்து நாள் தாங்கியது. இரண்டாவது முறை நிறுத்திய மறுநாளே வலிப்பு வந்து விழுந்தார். அக்காதான் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்த வலிப்பைப் பற்றிச் சொல்லாமல் நான் கூட்டத்தின் கதைக்குப் போகக் கூடாது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மதுவை ஒரேயடியாக எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் முதல் நாளிலேயே தொடங்கிவிடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், இடமும் நேரமும் குழம்பும், காய்ச்சல் அடிக்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு நல்ல குழுவாலும் இதைத் தடுக்க முடியாது. தினமும் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கூட்டம். அவருக்கு நடுக்கம் அடங்க மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, ஓய்வு என்று ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

அன்று ஒரு துண்டுச் சீட்டில் இடம், கிழமை, நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். "இங்க ஏஏ கூட்டம் நடக்குது. போய்ப் பாருங்க, நல்லா இருக்கும்" என்றேன். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஆதரவுக் குழு. அவர் "சரி சார்" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பேச்சு மொத்தமும் நான்கு நிமிடம்கூட இருக்காது. பல வருடமாக எல்லாருக்கும் இதே நான்கு நிமிடத்தைத்தான் கொடுத்துவந்தேன்.

மூன்று முயற்சிகள்

இரண்டாவது வாரம் கிளம்பிப் போனார். சீட்டில் இருந்த கிழமை, சீட்டில் இருந்த நேரம். அது மாலையில் பல பேர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் கட்டடம். ஓர் அறையில் இசை வகுப்பு, இன்னோர் அறையில் ஏதோ சங்கத்தின் கூட்டம். வாசலில் குடியைப் பற்றி எந்தப் பலகையும் இல்லை. இந்தக் குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் இருப்பது அபூர்வம். கிடைத்த அறையை வாரத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். வருகிறவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால் அறிவிப்பும் சின்னதாகத்தான் இருக்கும், பல இடங்களில் கதவில் ஒட்டிய ஒரு தாளும் இரண்டு எழுத்தும் மட்டும். இது எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

காவலாளி வந்து "எந்த மீட்டிங் சார்?" என்று கேட்டிருக்கிறார். இசை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்த பெற்றோர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். அவருக்கு வாய் வரவில்லை. "தப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

பின்னால் நான் விசாரித்தபோது, அந்தக் குழு நான்கு மாதம் முன்பே வேறு கிழமைக்கு மாறியிருந்தது தெரிந்தது. என் கையில் இருந்த பட்டியல் இரண்டு வருடப் பழசு. அவர் வாய் திறந்து கேட்டிருந்தாலும் அன்று அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இது அவருக்குத் தெரியாதே. தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டார். 20 வருடமாகத் தன்னைத் திட்டியே பழகிய ஆள். திட்ட இன்னொரு காரணத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நான்காவது வாரம், இரவு 11 மணி. தூக்கம் வராமல் மொபைலில் தேடியிருக்கிறார். மேலே வந்த முதல் எண்ணை அழைத்தார். மிகவும் கனிவான குரல். பெயர், முகவரி, வேலை, வீட்டில் யார் பணம் கட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, 30 நாள் தங்குவதற்கு இப்போதே முன்பணம் கட்டிவிட்டால் இடம் பிடித்து வைக்கிறோம் என்றதாம். அது ஒரு தனியார் சிகிச்சை இல்லம், விளம்பரமாக மேலே வந்திருந்தது. ஆதரவுக் குழு என்றால் இதுதான் போல என்று எண்ணி, போனை வைத்துவிட்டார்.

சிகிச்சை இல்லம் சிலருக்குத் தேவைதான். ஆனால் அது வேறு, ஆதரவுக் குழு வேறு என்பது இரவு 11 மணிக்குத் தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? வேறுபாட்டைச் சொல்கிறேன். ஏஏ-யில் கட்டணமே கிடையாது. அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே போடுகிறார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அவர்களுடைய 12 மரபுகளில் ஏழாவது. உண்டியலோ பையோ சுற்றி வரும், புதிதாக வந்தவர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம். சேருவதற்கு இருக்கும் ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. இது மூன்றாவது மரபு. படிவமோ பதிவேடோ கேட்க மாட்டார்கள். தொலைபேசியில் முதலில் பணத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் அழைத்திருப்பது ஆதரவுக் குழுவை அல்ல.

ஆறாவது வாரம் அக்கா முனைந்தார். ஏஏ-யின் மீட்டிங் கைடு என்ற செயலியை இறக்கி, பக்கத்தில் எங்கே, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்தார். இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். கதவருகே நின்ற ஒருவர் மெல்லிய குரலில், "இது க்ளோஸ்டு மீட்டிங்மா, இவர் மட்டும் உள்ள வரலாம்" என்றார். அக்கா "நீ போடா, நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லியும் அவரால் அக்காவை விட்டுவிட்டு உள்ளே போக முடியவில்லை. "வாக்கா போலாம்" என்று திரும்பிவிட்டார்.

க்ளோஸ்டு என்பது குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டுமான கூட்டம். ஓபன் என்றால் குடும்பத்தார், மாணவர்கள், என்னைப் போன்றவர்கள் யாரும் வந்து கேட்கலாம். பட்டியலில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இது குறிக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது படும். அப்புறம், அக்காவுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. குடிப்பவரின் குடும்பத்துக்காக அல்-அனான் 1951-இலிருந்து நடக்கிறது. அதைப் பற்றியும் நான் வாயே திறக்கவில்லை. வலிப்பு வந்த தம்பியைத் தூக்கி வந்தவர் அவர். அவருக்கு நான் கொடுத்தது மாத்திரைச் சீட்டு மட்டும்.

ஏழாவது வாரம் குடித்தார். எட்டு நாள் விடாமல்.

இரண்டாவது முறை

மறுபடி சேர்த்த நான்காம் நாள், நடுக்கம் அடங்கிய பிறகு பேசினோம். "மூணு தடவ முயற்சி பண்ணேன் சார். அந்த எடம் எனக்கில்லன்னு அதுவே சொல்லுது" என்றார். மேலே எழுதியதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரியும். ஏழு வாரத்தில் ஒரு முறைகூட நான் அவரை அழைத்து "போனீங்களா, என்ன ஆச்சு?" என்று கேட்டதில்லை. எங்கள் கோப்பில் "ஆதரவுக் குழுவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது" என்ற வரிக்கு நேரே ஒரு டிக் இருந்தது. அந்த டிக்கைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

படிக்கும் காலத்தில் கேள்விப்பட்ட ஒரு சின்ன ஆய்வு நினைவுக்கு வந்தது. 1981-இல் சிஸன், மாலம்ஸ் என்ற இருவர் செய்தது. மொத்தமே 20 பேர். ஒரு பாதிக்குக் கூட்டங்களின் இடமும் நேரமும் சொல்லிப் போகச் சொன்னார்கள், என்னைப் போல. மறு பாதிக்கு, ஆலோசகரின் அறையிலிருந்தே ஒரு உறுப்பினருக்குத் தொலைபேசியில் பேச வைத்தார்கள். அந்த உறுப்பினர் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்வார், கூட்டத்துக்கு முன்பு நினைவூட்டி அழைப்பார். பேச வைக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் போனார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் போகவில்லை. 20 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது சரிதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வார்டில் எப்போதாவது வந்து பேசிவிட்டுப் போகும் ஒரு பெரியவர் இருக்கிறார். குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர். அவரை என் மேசையிலிருந்தே அழைத்து விஷயத்தைச் சொல்லி, போனை இவர் கையில் கொடுத்தேன். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமாங்க... நாப்பத்தி நாலு... இல்லங்க, மூணு தடவ... ஆமா, அந்த வாட்ச்மேன் கேட்டாரு..." என்று சொல்லும்போது முகம் லேசாகத் தளர்ந்தது. பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்த பிறகு சொன்னார்: "அவரும் மொத தடவ வாசல்லயே திரும்பிட்டாராம் சார். நாலு தடவயாம் அவருக்கு." எனக்குத் தெரிந்து அந்த ஆறு நிமிடத்தில்தான் அவருடைய சிகிச்சை தொடங்கியது.

கூட்டத்தன்று மதியம் பெரியவர் அழைத்து நினைவூட்டினார். மாலையில் வீட்டு வாசலுக்கே வந்தார். "வாங்க தம்பி, பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுவோம். கதவுப் பக்கமா உக்காந்துக்கலாம், முடியலன்னா எழுந்து வந்துடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாராம். இப்படி ஒரு சொல்லை நான் எந்தப் பயிற்சியிலும் கற்றதில்லை. வெளியே வரும் வழியைக் காட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போகிறார்.

போகிற வழியில் பெரியவர் அவருக்கு, 1935-இல் ஏஏ தொடங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போன இடத்தில் காரியம் கெட்டது. விடுதி முகப்பில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். பேச இன்னொரு குடிகாரர் கிடைக்காவிட்டால் தான் குடித்துவிடுவோம் என்று பயந்து, போதகர்களை அழைத்து, அப்படியே ஒருவர் மாற்றி ஒருவராக ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தார். அவர் மறுநாள் குடியை விட முடியாமல் இருந்த டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்க வைத்தார். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். "கூட்டத்தத் தேடி முதல்ல அலஞ்சவரே அவர்தான் தம்பி. அவருக்குப் போறதுக்குக் கூட்டமே கெடயாது" என்றாராம் பெரியவர்.

அறையில் 13 பேர். தொடக்கத்தில் சில வரிகள் வாசித்தார்கள். ஒவ்வொருவரும் முதல் பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. இவர் முறை வந்தபோது "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்றார். பெரியவர் வழியிலேயே சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் அது. காவலாளியிடம் சொல்வதற்கு இப்படி ஒரு வாக்கியம் கையில் இருந்திருந்தால் என்று பிறகு அவர் என்னிடம் சொன்னார். ஒரு மணி நேரம் முடிந்ததும் இரண்டு பேர் தங்கள் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள்.

பிடித்ததும் பிடிக்காததும்

அந்தக் குழு அவருக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினால் பொய். பெரியவரைப் பிடித்தது. கூட்டத்தில் மேலான சக்தி, பிரார்த்தனை என்று வந்த இடங்களில் ஒட்டவில்லை. இதை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், ஏதோ நன்றி கெட்டவர்போல. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதம். ஒரு அறையைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஒதுக்கவும் வேண்டாம், பிடிக்காததைச் சகித்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம், ஆறு கூட்டமாவது பாருங்கள் என்றேன். இன்னும் இரண்டு ஏஏ குழுக்களுக்குப் போனார். 1994-இலிருந்து நடக்கும் ஸ்மார்ட் ரெக்கவரி அமைப்பின் இணையவழிக் கூட்டத்திலும் உட்கார்ந்தார். அங்கே பிரார்த்தனை கிடையாது. தூண்டுதல் வரும்போது மனதில் ஓடும் எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். கணக்கு எழுதுகிற மூளைக்கு அது பிடித்திருந்தது. பெண்களுக்கென்றே 1975-இல் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி போன்றவையும் இருக்கின்றன; இவருக்குப் பொருந்தாது என்றாலும் இதைப் படிக்கிற யாருக்காவது பொருந்தலாம்.

கடைசியில் வாரம் இரண்டு நாள் ஏஏ, ஒரு நாள் இணையவழி ஸ்மார்ட் என்று தானே ஒரு முறை வகுத்துக்கொண்டார். மூன்றாவதாகப் போன ஏஏ குழுவில் தன்னைவிட இளையவர் ஒருவரை ஸ்பான்சராக ஏற்றுக்கொண்டார். தினமும் ஒரு முறை பேசி, குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த 12 படிகளில் கூடவே நடப்பவர் ஸ்பான்சர். எனக்கு இதில் ஒரு கவலை இருந்தது. ஆசையைக் குறைக்க அவர் நால்ட்ரெக்ஸோன் எடுத்துக்கொண்டிருந்தார், ஒரு உறுப்பினர் "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். இப்படிச் சொல்பவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். ஏஏ-யின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு இதற்கு நேர் எதிர்: உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று அவர்களே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள் என்று அவரிடம் சொன்னேன், அப்படியே செய்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் குடித்தார். மறுநாள் காலை முதலில் அழைத்தது ஸ்பான்சரை, அப்புறம் என்னை. முன்பு எட்டு நாள் ஓடியது இந்த முறை ஒரே மாலையில் நின்றது. அன்று சாயங்காலமே கூட்டத்துக்குப் போய், குடித்ததைச் சொன்னார். இதை எழுதும்போது அதற்குப் பிறகு 11 மாதம் ஆகிறது.

நான் மாற்றியவை

ஆதரவுக் குழுக்களால் உண்மையிலேயே பயன் உண்டா என்று சக ஊழியர்கள் கேட்பதுண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் பார்த்தது. ஏஏ பக்கம் ஆளைக் கொண்டு சேர்க்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் 100-க்கு 42 பேர் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள். நடத்தை மாற்றச் சிகிச்சை போன்ற மற்றவற்றில் 35 பேர். இந்த எண்ணைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே கொடுத்தது முகவரி அல்ல. ஆலோசகர் வாரா வாரம் "போனீர்களா, யார் பேசினார்கள், எது பிடிக்கவில்லை" என்று கேட்டு, கூட நின்று கொண்டு சேர்த்த சிகிச்சை அது. நான் சீட்டு எழுதிய காலத்தில் அந்த 42-ஐ என் வேலைக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்கு உரிமையே இருந்ததில்லை.

இப்போது மாதத்தின் முதல் வாரத்தில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குழுவையும் அழைத்து, கிழமை, நேரம், எந்த மாடி, எந்தக் கதவு, ஓபனா க்ளோஸ்டா என்று கேட்டு எழுதுகிறேன். டிஸ்சார்ஜுக்கு முன்பே, அவர்கள் இங்கே இருக்கும்போதே ஒரு உறுப்பினரோடு பேச வைக்கிறேன். வெளியே வர முடியாதவர்களுக்கு வார்டிலிருந்தே இணையவழிக் கூட்டம் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டாலும் சரிதான். குடும்பத்தாருக்கு அல்-அனான் பற்றித் தனியாக உட்கார்ந்து சொல்கிறேன். கோப்பில் "பரிந்துரைக்கப்பட்டது" என்ற வரியை அடித்துவிட்டு, "யாரோடு போனார், என்றைக்கு" என்று எழுதும் இடம் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வாரம் வார்டில் இருந்த ஒரு பெண், "ஆம்பளைங்களே உக்காந்திருக்கற ரூமுக்கு என்னால போக முடியாது. கூட வர ஒரு பொம்பளை இருக்காங்களா?" என்று கேட்டார். என் பட்டியலில் அழைத்தால் வரக்கூடிய ஆண்கள் ஒன்பது பேர். பெண் ஒரே ஒருவர், அவரும் இரண்டு மாதத்துக்கு வெளியூரில். அவரையே போனில் பேச வைத்தேன், அரை மணி நேரம் பேசினார்கள். பெண்களுக்கான இணையவழிக் கூட்டம் ஒன்றை நாளை இரவு அவரோடு உட்கார்ந்து திறந்து காட்டப் போகிறேன். அவர் டிஸ்சார்ஜ் ஆக இன்னும் நான்கு நாள் இருக்கிறது.